நாங்க மலைக்காரங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டு எழுதுவேன், அவ்வளவுதான். பத்தாவது வரைக்கும் படிச்சவ என்கிறதால அந்த நோட்டு 12 வருஷமா என் கையிலேயே இருக்குது. போன மாசம் தலைவி அக்கா கூப்பிட்டு, "மலர் போடறோம் கண்ணு, நீ உங்க மலையைப் பத்திப் பேசு, அதையே மலர்ல போட்டுக்கலாம்"னு சொன்னாங்க. மலையைப் பத்தி நான் என்னக்கா பேசறதுன்னு கேட்டேன். "அன்னைக்குக் கிராம சபையில உங்கண்ணன் எதிர்லயே எந்திரிச்சுப் பேசினியாமே, அதைப் பேசு"ன்னாங்க. அந்த விஷயம் இங்க வரைக்கும் வந்துடுச்சான்னு எனக்கு ஒரே வெட்கமாப் போச்சு. ஆனா சரின்னுட்டேன்.

இங்க இருக்கிற பாதிப் பேரோட நான் பாக்குக் களத்துல ஒண்ணா உட்கார்ந்து காய் உரிச்சிருக்கேன். வருஷக்கணக்கா பேசிட்டே உரிச்சிருக்கோம். நான் அருநூத்துமலையில பொறந்தவன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாது. நான்தான் சொல்லல. வாழப்பாடி பக்கத்துல ஒரு ஊரைச் சொல்லி, அதுதான் எங்க ஊருன்னு சொல்லிட்டிருந்தேன். அது நான் வாக்கப்பட்ட ஊர். எங்க வீட்டுக்காரரோட அப்பா காலத்துலயே மலையை விட்டு அடிவாரத்துக்கு இறங்கிட்டாங்க.

ஏன் மறைச்சேன்னா, ஆறாவது படிக்க நான் கீழே விடுதிக்கு வந்தப்ப, நான் பேசற இழுப்பைக் கேட்டு வகுப்பே சிரிச்சது. ஜாதிச் சான்றுல "மலையாளி"ன்னு இருக்கிறதைப் பார்த்துட்டு, "நீ கேரளாவா?"ன்னு கேட்டாங்க. அதுக்கும் சிரிப்பு. அன்னையில இருந்து கீழே பேசறவங்க மாதிரியே பேசப் பழகிட்டேன். இப்போ மேலே போனா எங்க அம்மாவே "என்னடி, டவுன்காரி மாதிரி பேசறே"ன்னு கேக்கறாங்க. ரெண்டு பக்கமும் ஒட்டாம போச்சு.

நாங்க மலையாளி. மலையில இருக்கறவங்கன்னு அர்த்தம், கேரளா இல்லை. பேசறது தமிழ்தான். ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை, சித்தேரி, ஜவ்வாதுமலை, நம்ம அருநூத்துமலை, எல்லாத்துலயும் இருக்கறோம். எங்க ஆயா ஒரு கதை சொல்லும். காஞ்சிபுரத்துல இருந்து அண்ணன் தம்பி மூணு பேர் கரியராமர் சாமியோட கிளம்பி வந்தாங்களாம். ஒருத்தர் ஏற்காட்டு மலைக்கும், ஒருத்தர் பச்சைமலைக்கும், ஒருத்தர் கொல்லிமலைக்கும் போயிட்டாங்களாம். அப்போ நம்ம மலைக்கு வந்தது யாருன்னு கேட்டா, "அது நாலாவது கதை, நாளைக்குச் சொல்றேன்"னு படுத்துக்கும். அந்த நாலாவது கதையைச் சொல்லாமயே போய்ச் சேர்ந்துடுச்சு. நானும் விடாமக் கேட்டிருக்கணும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க அம்மாவுக்கு மேலே ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்குது. எங்க தாத்தா, அவரோட அப்பா எல்லாரும் சாமையும் கேழ்வரகும் போட்ட நிலம். அதுக்கு எங்ககிட்ட ஒரு காகிதமும் கிடையாது. சர்க்கார் கணக்குல அது காடு. அந்தக் கணக்குப்படி எங்க அம்மா "ஆக்கிரமிப்பாளர்". பொறந்த மண்ணுலேயே எப்படி ஆக்கிரமிப்பாளர் ஆனாங்கன்னு எனக்கு ரொம்ப நாளாப் புரியல. இந்த மனு வேலைக்காக ஓடினப்பதான் ஒவ்வொண்ணாத் தெரிஞ்சது.

வெள்ளைக்காரன் 1882ல மெட்ராஸ் வனச் சட்டம்னு ஒண்ணு போட்டான். மலையைக் கோடு கிழிச்சு இது ஒதுக்குக் காடு, இது சர்க்கார் காடுன்னு எழுதிட்டான். எழுதினப்ப உள்ளே இருந்தவங்களைக் கேக்கல. கேட்டிருந்தாலும் எங்க ஆளுகளுக்கு எழுத்து தெரியாது. அதுக்கும் முன்னாடியே, 1820கள்ல சேலத்துல கலெக்டரா இருந்த காக்பர்ன்னு ஒருத்தர் ஏற்காட்டுல காப்பிச் செடி கொண்டு வந்து வெச்சார். அப்புறம் அங்க வரிசையா எஸ்டேட்டு. மலைக்குச் சொந்தக்காரன் எஸ்டேட்டுல கூலிக்குப் போனான். கல்வராயன்மலையில வேற மாதிரி. அங்க ஜாகீர்தார்கள் கையில மலை இருந்தது. நாடு 1947ல சுதந்திரம் வாங்கிடுச்சு. அந்த மலையில ஜாகீர் போனது 1976ல! 29 வருஷம் கழிச்சு. நம்ம ஆத்தூர்ல இருந்து பார்த்தாத் தெரியற மலைக்கா அது.

வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் கிழிச்ச கோடு போகல. அதைத்தான் நான் சொல்ல வர்றேன். கோட்டைக் காக்கிற ஆள்தான் மாறினாங்க.

வாச்சாத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரம். நம்ம இடத்துல இருந்து ரொம்ப தூரமில்லை. அங்க இருக்கறவங்களும் எங்க ஜனங்கதான். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தன மரம் பதுக்கி வெச்சிருக்கீங்கன்னு சொல்லி வனத்துறை, போலீசு, வருவாய்த்துறை எல்லாரும் ஊருக்குள்ள நுழைஞ்சாங்க. வீட்டை எல்லாம் இடிச்சாங்க, ஆடு மாட்டை அடிச்சுத் தின்னாங்க, கிணத்தைக் கெடுத்தாங்க. 18 பொண்ணுகளை நாசம் பண்ணினாங்க. அதுல சின்னப் பொண்ணுகளும் இருந்தாங்க. அப்புறம் அவங்களையே குற்றவாளின்னு சொல்லி, கைக்குழந்தைகளோட நம்ம சேலம் ஜெயில்லதான் அடைச்சாங்க.

அந்தப் பொண்ணுகள் வாயை மூடிட்டு இருக்கல. மலைவாழ் மக்கள் சங்கம் துணைக்கு நின்னது. கோர்ட்டுல போய் நின்னு ஆளை அடையாளம் காட்டினாங்க. நீங்க ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. நம்மள்ல ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரன் தப்பாப் பார்த்தான்னு சொல்லவே எத்தனை யோசிக்கறோம். 2011 செப்டம்பர் 29ல தர்மபுரி கோர்ட்டுல தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டினது 269 பேர் மேல. அதுல 54 பேர் அதுக்குள்ள செத்துப் போயிட்டாங்க. மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு. அவங்க ஐகோர்ட்டுக்குப் போனாங்க. அந்த நீதிபதி வாச்சாத்திக்கே நேர்ல வந்து பார்த்தார். 2023ல, அதே செப்டம்பர் 29ல, தண்டனை சரிதான்னு சொல்லி, அந்த 18 பேருக்கும் ஆளுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னார். 31 வருஷம் ஆச்சு.

அது நடந்தப்ப எனக்கு மூணு வயசு. அந்த வருஷம் முழுக்க எங்க மலையிலயும் காக்கிச் சட்டையைக் கண்டா என்னைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடிடுவேன்னு எங்க அம்மா சொல்லும். எனக்கு நினைவில்லை. ஆனா இப்பவும் எங்க அம்மா காக்கி உடுப்பு போட்ட யார் வந்தாலும், அது தபால்காரரா இருந்தாலும், முதல்ல எந்திரிச்சு நின்னுடும். உக்காரும்மான்னாலும் உக்காராது.

இதுக்கெல்லாம் அப்புறம்தான் 2006ல வன உரிமைச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து காட்டுல இருக்கறவங்களுக்கு அநியாயம் நடந்திருக்குன்னு சட்டத்தோட ஆரம்பத்துலயே சர்க்கார் ஒத்துக்கிட்டு எழுதியிருக்குது. 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்து அனுபவத்துல இருக்கிற நிலத்துக்கு உரிமை உண்டு, 4 ஹெக்டேர் வரைக்கும். நிலம் மட்டுமில்லை. தேன், நெல்லி, கடுக்காய், கிழங்குன்னு நாம காலங்காலமா எடுக்கறதை எடுக்கவும் விக்கவும் உரிமை உண்டு. காட்டைக் காப்பாத்தற உரிமையும் உண்டு. நம்ம தமிழ்நாட்டுல கோர்ட்டுத் தடை ஒண்ணு இருந்ததால 2016 வரைக்கும் பட்டா கொடுக்கறதே இழுத்துக்கிட்டுக் கிடந்தது.

இந்தச் சட்டத்துல எனக்குப் பிடிச்சது ரெண்டு. கல்யாணம் ஆனவங்களா இருந்தா புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும்தான் பட்டா. அவர் பேர்ல மட்டும் எழுத முடியாது. இன்னொண்ணு, முதல் தீர்மானம் கிராம சபையோடது. ஆபீசரோடது இல்லை. வன உரிமைக் குழுவுல மூணுல ஒரு பங்காவது பொம்பளைங்க இருக்கணும். கிராம சபைக்குப் பாதி ஜனம் வரணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்களா இருக்கணும். இல்லைன்னா போட்ட தீர்மானம் செல்லாது.

இங்கதான் வண்டி குடை சாய்ஞ்சது. முதல் தடவை கூட்டினாங்க. ஆம்பளைங்க வந்து உட்கார்ந்துட்டாங்க. பொம்பளைங்க ஒன்பது பேர். கூட்டம் செல்லாதுன்னு கலைச்சாச்சு. ரெண்டாவது தடவை தேதி வெச்சப்ப பாக்கு சீசன். எல்லாரும் கீழே களத்துக்கு இறங்கிட்டாங்க. அதுவும் போச்சு. "உங்க பொம்பளைங்களுக்கே வேண்டாம் போல"ன்னு ஒரு ஆபீசுல சொல்லிட்டாங்களாம். எங்க அம்மா போன் பண்ணி அழுதது.

எங்களைச் சொல்லியும் குத்தமில்லை. எங்க மலையில ஊர்க் கவுண்டர் கூட்டற பஞ்சாயத்துல பொம்பளைங்க உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தூணுக்குப் பின்னாடி நின்னு கேப்பாங்க. பரியம் பொண்ணுக்குக் கொடுக்கற ஜனம், வரதட்சணை வாங்கற ஜனம் இல்லைன்னு நாங்க பெருமையாச் சொல்லிக்குவோம். உண்மைதான். ஆனா ஊர்க்கூட்டத்துல வாயைத் திறக்க விட்டதில்லை. நம்ம பழக்கம்னு எல்லாத்தையும் தூக்கி வெச்சுக் கொண்டாட முடியாது.

நான் என்ன பண்ணினேன்னா, குழு நோட்டை எடுத்துக்கிட்டு மேலே போனேன். மேலே மூணு குழு இருக்குது. நம்ம ஜில்லாவுக்குக் குழு புதுசு இல்லை. 1989ல தர்மபுரியில ஆரம்பிச்ச மகளிர் குழுத் திட்டம் அடுத்ததா வந்த இடங்கள்ல சேலமும் ஒண்ணு. ஆனா மலை மேலே குழுன்னா கடனுக்குத்தான்னு நினைச்சிட்டிருந்தாங்க. குழுக் கூட்டம் நடக்கிற நாளையே கிராம சபைக்கு நாளா வெப்போம்னு மூணு ஊக்குநரையும் பிடிச்சுப் பேசினேன். கூட்டத்துக்கு வரலைன்னா குழுவுல 20 ரூபா அபராதம் போடறோம் இல்லையா, அதே அபராதம் இதுக்கும்னு தீர்மானம் எழுதினோம். சட்டத்துல அப்படி இருக்குதான்னு கேக்காதீங்க. 61 பேர் வந்தாங்க.

மூணாவது தடவை கூட்டம் நடந்தது. நிலத்துக்கு என்ன ஆதாரம்னு கேட்டாங்க. எங்களுக்கு ஏது ஆதாரம்? ஆனா விதியைப் படிச்சா, கிணறு, வரப்பு, சுடுகாடு, சாமி இடம் எல்லாமே ஆதாரம்னு போட்டிருக்குது. பெரியவங்க வாய்ல சொல்றதை எழுதி வாங்கினா அதுவும் ஆதாரம். ரெண்டு ஆதாரம் இருந்தாப் போதும். எங்க தாத்தாவைப் புதைச்ச இடத்துல ஒரு கல்லு நிக்குது. அது ஒண்ணு. "பொம்பளைங்களுக்கு எல்லையைப் பத்தி என்ன தெரியும்"னு ஒருத்தர் கேட்டார். எங்க அம்மா எந்திரிச்சுது. கிழக்கே பலா மரம், அதுக்குக் கீழே யாரோட காடு, மேற்கே ஓடை, ஓடையைத் தாண்டினா எந்தப் பாறை, எந்த வருஷம் மழையில எந்த வரப்பு உடைஞ்சது, யார் வந்து கல்லு அடுக்கினாங்க, ஒண்ணு விடாமச் சொல்லுச்சு. அந்தக் காட்டுல 45 வருஷம் களை எடுத்தது அதுதானே. நான் எழுதிக்கிட்டே வந்தேன், எனக்கு விரல் வலிச்சது.

அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது. எங்க அப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சு. எங்கண்ணன், "அம்மாவுக்கு வயசாச்சு, மனுவை என் பேர்ல எழுதுங்க"ன்னார். யாரும் ஒண்ணும் சொல்லல. ஊர் வழக்கப்படி சரிதான். அம்மாவும் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. நான் எந்திரிச்சு, "இப்போ எல்லை சொன்னது யாரு? அவங்க பேர்லதான் எழுதணும். அவங்க காலத்துக்கு அப்புறம் உனக்கு வரப்போறதுதானே அண்ணா, வாரிசுக்குப் போகும்னு சட்டத்துலயே இருக்குது"ன்னேன். கூட்டமே என்னைப் பார்த்தது. அண்ணன் துண்டை உதறிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். தூணுக்குப் பின்னாடி இருந்து யாரோ ஒரு கிழவி, "எழுது ஆத்தா"ன்னு சத்தம் போட்டுச்சு. எழுதினோம்.

அதுக்கப்புறம் நாலு மாசம் அண்ணன் எங்க வீட்டுக்கு வரல. இன்னும் போன்ல சரியாப் பேசறதில்லை. ஆனா நிலத்தை அளக்க ஜிபிஎஸ் கருவியோட ஆபீசர்ங்க வந்தப்ப, முன்னாடி நடந்து ஒவ்வொரு எல்லைக் கல்லா புல்லை விலக்கிக் காட்டினவர் அவர்தான்.

பட்டா இன்னும் வரல. மனு கோட்டக் குழுவுல இருக்குது. அங்க இருந்து கலெக்டர் குழுவுக்குப் போகணும். அடுத்து மனு போடப் போற அக்காமாருக்கு ஒண்ணு சொல்றேன்: மறுத்துட்டா காகிதத்துல காரணம் எழுதித் தரச் சொல்லி வாங்குங்க, 60 நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணுங்க. வாய் வார்த்தையைக் கேட்டு வீட்டுக்கு வந்துடாதீங்க.

"விக்க முடியாது, மாத்திக் கொடுக்க முடியாதுன்னா அது என்னடி பட்டா? பேங்குல வெச்சுக் கடன் வாங்க முடியுமா?"ன்னு எங்க குழுவுல ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எனக்கும் அவசரத்துக்குப் பணம் வேணும்னா நகையைத்தான் தேடறேன். ஆனா ஏற்காட்டுல போய்ப் பாருங்க. வித்தவங்க நிலத்துல ரிசார்ட்டு நிக்குது, வித்தவங்க வீட்டுப் பிள்ளைங்க அங்கேயே ரூம் கூட்டறாங்க. விக்க முடியாததுதான் நம்ம கையில தங்கும்னு எனக்குத் தோணுது.

ஒடிசாவுல நியமகிரின்னு ஒரு மலை. அங்க டோங்ரியா கோந்துன்னு எங்களை மாதிரி ஜனங்க. அந்த மலையே அவங்களுக்குச் சாமி. அதுல பாக்சைட் எடுக்க ஒரு பெரிய கம்பெனி வந்தது. பாக்சைட் நம்ம ஏற்காட்டுலயும் கொல்லிமலையிலயும் வெட்டினதுதான். 2013ல சுப்ரீம் கோர்ட்டு, கிராம சபையே முடிவு பண்ணட்டும்னு சொல்லிடுச்சு. 12 ஊர்ல கிராம சபை கூடினது. 12 ஊரும் வேண்டாம்னு சொன்னாங்க. சுரங்கம் வரல. கிராம சபைன்னா நாம டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போடற கூட்டம்னு நினைச்சிட்டிருக்கோம்.

ஒரு குறையும் சொல்லணும். பழங்குடி இடங்களுக்குன்னு அரசியல் சட்டத்துல ஐந்தாவது அட்டவணை இருக்குது. 10 மாநிலத்துல அப்படி அறிவிச்ச பகுதிகள் இருக்குது. தமிழ்நாட்டுல ஒரு மலை கூட அதுல இல்லை. அதனால பழங்குடி கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கிற 1996 சட்டமும் நமக்கு இல்லை. இதைவிடக் கொடுமை, ஈரோடு பக்கம் பர்கூர் மலையில இருக்கற எங்க ஜனங்களுக்குப் பழங்குடிச் சான்றே கிடையாது. பட்டியல்ல எங்க பேருக்கு நேரா சேலம், தர்மபுரின்னு சில ஜில்லாதான் எழுதியிருக்குது. ஜில்லா மாறினா ஜாதி மாறிடுமா?

சாமையைப் பத்திச் சொல்லாம விட்டா எங்க அம்மா விடாது. எங்க மலையிலயும் கொல்லிமலையிலயும் ஒரு காலத்துல சாமைதான் சோறு. அதுலயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமைன்னு கொல்லிமலையில பல வகை உண்டு. அப்புறம் குச்சிக்கிழங்கு வந்தது. கீழே நம்ம ஆத்தூர் ரோட்டுல சேகோ பேக்டரி இருக்குது, லாரி மலைக்கே வந்து ஏத்திக்குது, கையில காசு. யாரு வேண்டாம்பாங்க? சாமையை விட்டாங்க. ரேஷன் அரிசி சோறு ஆச்சு. கொல்லிமலையில சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து, மகளிர் குழுக்களை வெச்சே சாமையை மறுபடி போட வெச்சு, மாவாவும் அரிசியாவும் விக்க வெச்சாங்க. 2023ஐ சிறுதானிய ஆண்டுன்னு உலகமே கொண்டாடினாங்க. கடையில சாமை அரிசி விலையைப் பார்த்து எங்க அம்மாவுக்குச் சிரிப்பு.

பழசைத் திரும்பக் கொண்டு வரணும்னு மேடையில பேசறவங்க ஒரு நாளைக்கு உரல்ல சாமை குத்திப் பார்க்கணும். தோள்பட்டை கழண்டுடும். பொம்பளைங்க சாமையைக் கைவிட்டதுக்கு அந்த உலக்கையும் ஒரு காரணம். கொல்லிமலையில உமி நீக்கற மெஷின் வந்த பிறகுதான் வேலை சுலபமாச்சு. நம்ம கூட்டமைப்பு அருநூத்துமலைக்கும் ஒரு மெஷின் வாங்கித் தரணும்னு நான் மனு எழுதி வெச்சிருக்கேன். தலைவி அக்கா, மேடையிலேயே கேட்டுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கடைசியா என் மகளைப் பத்தி ஒண்ணு. எட்டாவது படிக்கறா. போன லீவுக்கு மேலே போனவ, எங்க அம்மாவைச் சாமை குத்தற பாட்டுப் பாடச் சொல்லிப் போன்ல பதிவு பண்ணிட்டு வந்துட்டா. அந்தப் பாட்டு எனக்கு முழுசாத் தெரியாது. அதுல வர்ற நாலஞ்சு வார்த்தைக்கு அர்த்தமும் தெரியல. அவ பாட்டியைக் கேட்டு நோட்டுல எழுதி வெச்சிருக்கா. நியூசிலாந்துல மாவோரின்னு பூர்வகுடி ஜனங்க இருக்காங்க. அவங்க பாஷை அழியப் போகுதுன்னு தெரிஞ்சதும், 1982ல "பாஷைக் கூடு"ன்னு பேர் வெச்சு, சின்னக் குழந்தைங்களை நடமாட்டம் உள்ள பாட்டிங்க கிட்டயே விட்டு, அந்த பாஷையிலயே பேசி வளர்த்தாங்களாம். நம்ம அங்கன்வாடி மாதிரி. மகள்தான் எனக்குப் படிச்சுச் சொன்னா. நான் அவகிட்ட, பள்ளிக்கூடத்துல இந்தப் பாட்டைப் பாடினா சிரிப்பாங்கடின்னு சொன்னேன். "சிரிச்சா சிரிக்கட்டும்மா, நீ ஏன் இப்பவே பயப்படறே"ன்னா. ஆண்டு விழாவுல பாடிட்டா. சிரிச்சாங்களான்னு கேட்டேன். ரெண்டு பேர் சிரிச்சாங்களாம். மிச்சப் பேர் கை தட்டினாங்களாம்.

நேரம் ஆயிடுச்சுன்னு மணி அடிக்கறாங்க. அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை. மேலே இன்னும் 14 குடும்பத்தோட மனு அன்னைக்கு வைக்கறோம். பொம்பளைங்க கூட்டம் குறையக் கூடாது. மலையில ஓட்டு இருக்கிறவங்க, கீழே வேலைக்கு வந்திருக்கிறவங்க, உங்க களத்துல உங்க பக்கத்துல உக்கார்ந்திருந்தா அன்னைக்கு ஒரு நாள் லீவு கொடுத்து அனுப்பி வையுங்க. பேளூர் பஸ் ஸ்டாப்புல காலையில எட்டு மணிக்கு வேன் நிக்கும். சும்மா பார்க்க வர்றவங்களும் வரலாம், மத்தியானம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் எங்க அம்மா வீட்டுல.